நல்ல வார்த்தை மட்டும்

அந்தப் பலகையிலிருந்து ஐந்து படங்களைப் பிய்த்தெடுத்தது நான்தான். வேறு யார் மேலாவது பழியைப் போட முடியுமா என்று பார்த்தேன். கொஞ்ச நாள் அது மற்றவர்கள் மேல் நின்றது. பிறகு நகர்ந்து நகர்ந்து என்னிடமே வந்துவிட்டது.

பேச்சு வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவது என் வேலை. அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறேன். அடையாள அட்டையில் ஒப்பந்தச் சிறப்பாசிரியை என்று போட்டிருக்கும். ஒப்பந்தம் என்ற சொல் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு பை. பை நிறையப் படங்கள். தண்ணீர், சோறு, அம்மா, தூக்கம், டிவி, கக்கூஸ் என்று தீப்பெட்டி அளவுப் படங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டுப் பட்டை இருக்கும். பலகையில் ஒட்டலாம், வேண்டாமென்றால் பிய்த்துவிடலாம். பிள்ளைக்கு வாய் வராது. ஆனால் விரலோ கண்ணோ ஏதோ ஒன்று அதன் சொல்படி கேட்கும். அந்த விரலால் படத்தைத் தொட்டால் அதுதான் அதன் பேச்சு.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் என் ஆயுசு போகிறது. நீங்களும் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள், பிள்ளை பார்த்துப் பழகும் என்பேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள் என்பேன். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அது எதைக் காட்டினாலும் நம்புங்கள், ‘நெசமாவா’ என்று திருப்பிக் கேட்காதீர்கள் என்பேன். இந்தக் கடைசிப் பாடத்தில் எனக்குப் பெருமை அதிகம். பல வீடுகளில் பிள்ளை வயிறு நிறைந்துவிட்டதென்று காட்டிய பிறகும் தாய் இன்னும் இரண்டு வாய் திணிப்பாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பிள்ளை சொல்லிவிட்டதல்லவா, நம்புங்கள் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஒரு கரிசல்காட்டு ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. பிள்ளைக்கு நான் முதலில் போனபோது ஏழு வயது. பிறந்தபோது மூச்சுத் திணறி மூளையில் அடிபட்டது. கால் ஊன்றாது, பேச்சு வராது. ஆனால் வலது ஆள்காட்டி விரல் ஒன்று இருந்தது பாருங்கள், அதற்கு அப்படி ஒரு தெளிவு. பலகையை மடியில் வைத்த அரை மணி நேரத்தில் ‘தண்ணீர்’ படத்தைத் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தது. தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

அன்றைக்கேதான் அந்த ஐந்து படங்களும் போயின. இல்லை, வேண்டாம், வலி, பயம், போ.

அப்பா பலகையைக் கையில் வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். ‘இல்லை’ படத்தில் விரல் நின்றது. “டீச்சர், கடைக்கு வந்து உப்பு கேட்டாக்கூட இல்லைன்னு சொல்ல மாட்டோம். நாளைக்கு வருதுன்னுதான் சொல்லுவோம். வெளக்கு வைக்கிற எடத்துல பச்சப்புள்ள கையால இதைத் தொட விடணுமா?” என்றார்.

தாய் இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள். “வலி, பயங்கிற படமெல்லாம் வேணாம் டீச்சர். தெனம் தொட்டுக்கிட்டே இருந்தா வந்துருமோன்னு இருக்கு. போங்கிறதும் வேணாம். வீட்டை விட்டுக் கெளம்புறப்பக்கூட வாரேன்னுதான சொல்லுறோம்.”

நானும் இந்த மண்ணில் வாழ்க்கைப்பட்டவள்தான். வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால் என் மாமியார் என்னைத் திரும்ப வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார். அவர்கள் சொல்வது எனக்கு அந்நியமாகப் படவில்லை. முதல் நாளே பெற்றவர்களோடு மல்லுக்கு நின்றால் அடுத்த முறை கதவு திறக்காது என்பதும் அனுபவம். மூன்று மாதம் போகட்டும், மெல்ல மறுபடி ஒட்டிவிடலாம் என்று நினைத்து, ஐந்தையும் பிய்த்து ஒரு கவரில் போட்டுப் பைக்குள் வைத்தேன். மூன்று மாதம் வந்தது, ஆறு மாதம் வந்தது. பிள்ளை அதற்குள் முப்பது படங்களைத் தொட்டுப் பேசியது. என் பதிவேட்டில் அந்த வீடுதான் முதல் பக்கம். கவரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், ஓடுகிற வண்டியை நிறுத்த நான் விரும்பவில்லை.

பலகையின் மேல் வரிசையில் சிரிக்கிற முகம் ஒன்று இருந்தது. ‘நல்லா இருக்கேன்’ என்பது அதன் பொருள். அப்பா கடையைத் திறந்ததும் பிள்ளையைத் தூக்கி வந்து, நான் கொடுத்த மரநாற்காலியில் உட்காரவைப்பார். உடம்பு பக்கவாட்டில் சாயாமல் இருக்க, முதுகுப் பக்கத்தைச் சுவர்மூலை போல மடக்கிச் செய்த நாற்காலி அது. அரை மணிக்கு ஒரு தரம் பிள்ளையைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். முதல் வியாபாரத்துக்கு முன்னால் அப்பா குனிந்து, “எப்படி இருக்கீக தாயி?” என்பார். விரல் சிரிக்கிற முகத்துக்குப் போகும். அவர் கைதட்டுவார். கடையில் நிற்பவர்களும் தட்டுவார்கள். பிள்ளைக்கு முகமெல்லாம் வெளிச்சம். பிள்ளை கை பட்ட நாளில் போணி நன்றாக இருக்கிறது என்று அப்பா சொன்னபோது நான் சிரித்தேன். எந்தக் கடைக்காரர்தான் சொல்ல மாட்டார்?

பிறகு அந்த மழை.

நான் அன்று அங்கே இல்லை, தாய் சொல்லித்தான் தெரியும். ஐப்பசி முடிந்தும் ஒரு தூறல் இல்லை. காட்டில் பருத்தி விதைத்திருந்த ஒருவர் டீத்தூள் வாங்க வந்து, கிண்டலாகப் பிள்ளையிடம் குனிந்து, “தாயி, மழை வருமா வராதா?” என்று கேட்டிருக்கிறார். பிள்ளை ‘மழை’ படத்தைத் தொட்டது. அதற்கு மழை என்றால் உயிர். வானம் வெளிறிக் கிடக்கும்போதுகூட ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அந்தப் படத்தைத் தொடும். அன்று சாயங்காலம் மழை கொட்டியது. அந்த ஊருக்கும் அதைச் சுற்றிய காட்டுக்கும் மட்டும். ரெட்டியபட்டியில் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் காலை அந்த மனிதர் தேங்காய் பழத்தோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மரநாற்காலிக்கு முன்னால் நின்றார்.

இதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பதிவேட்டில் ‘முன்பின் பழகாத ஒருவருடன் பலகையைக் கொண்டு உரையாடினாள்’ என்று எழுதிக்கொண்டேன். அந்த வரியை இப்போது எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த முறை போனபோது பலகையின் நான்கு மூலையிலும் குங்குமப் பொட்டு இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். யாரோ ஆசையாக வைத்துவிட்டுப் போனார்கள் என்றாள் தாய். அதற்கடுத்த முறை பிள்ளையின் விரலில் சந்தனம் காய்ந்திருந்தது. இன்னொரு முறை நாற்காலியைத் தூக்கி ஒரு மரமேடை மேல் வைத்திருந்தார்கள். கேட்டால், எலித்தொல்லை என்றார் அப்பா. தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை போனேன். கடை வாசலில் பதினைந்து இருபது ஜோடிச் செருப்பு. சாமான் வாங்க வந்த கூட்டம் இப்படிச் செருப்பைக் கழற்றாது. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. ஒருத்தி மட்டும் எனக்கு வழிவிடாமல், பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். வெளிநாட்டுக்குப் போன புருஷன் நாலு மாதமாகப் போன் பண்ணவில்லையாம். வருவானா என்று கேட்டாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. அப்பா முகத்தைப் பார்த்தது. விரல் சிரிக்கிற முகத்துக்குப் போனது. அவள் தரையில் நெற்றி படக் கும்பிட்டாள்.

போர் போட்டால் தண்ணீர் வருமா, மகளுக்கு வரன் அமையுமா, கோர்ட்டில் கேஸ் நிற்குமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன், வா, அம்மா, சோறு, மழை. கெட்டதாக ஒன்றைச் சொல்ல அந்தப் பலகையில் இடமே இல்லை. அது எனக்குத் தெரியும், அங்கே கும்பிட்டவர்களுக்குத் தெரியாது.

அப்பாவைப் பின்பக்கம் அழைத்துப்போய் இது சரியில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. காசு ஒரு பைசா வாங்குவதில்லை என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், அது உண்மையும்கூட. “ஒம்பது வருசமா இந்தத் தெருவுல எம்புள்ளையப் பாத்து உச்சுக்கொட்டாத ஆளு கெடையாது டீச்சர். எந்தப் பாவமோன்னு என் காதுபடவே சொல்லிருக்காக. இன்னைக்கு அதே ஆளுக செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாராக. நான் என்ன சொல்லி அவுகளத் தடுக்க?” என்றார். நாற்காலியை விட்டு அடிக்கடி தூக்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை அருப்புக்கோட்டையில் பெற்றோர் கூட்டம் நடத்துவேன். அவர்களை அங்கே கூட்டிவந்து பேசவைத்தேன். என் கௌரவம் அதில் இருந்தது. அப்பா பேச, பிள்ளை தொட்டுக் காட்ட, மற்ற பெற்றோர் வாய் பிளந்து பார்த்தார்கள். முடிந்ததும் மல்லாங்கிணறிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி என்னிடம் வந்து, எங்கள் பையன் பலகையையும் இதே மாதிரி மாற்றிக் கொடுங்கள், கெட்ட வார்த்தை எல்லாம் எடுத்துவிடலாம் என்றார்கள். இன்னும் இரண்டு பேர் பின்னாலேயே அதையே கேட்டார்கள்.

வீரசோழனிலிருந்து வரும் ஒரு தாய் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய பையனும் பலகையில்தான் பேசுகிறான். அவனுக்குப் பிடித்த படம் ‘வேண்டாம்’. “எங்க வீட்டுல விடிஞ்சதுலேருந்து வேண்டாம்தான் டீச்சர். இட்லி வேண்டாம், சட்டை வேண்டாம், பெத்த அத்தா வேண்டாம். உசுரு போகுது” என்று கூட்டம்தோறும் சொல்லிச் சிரிக்கவைப்பவர். அன்று சிரிக்காமல் கேட்டார். “ஒண்ணு கேக்குறேன் டீச்சர், கோவிச்சுக்காதீக. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு பிடிக்கலைன்னா எப்படிச் சொல்லும்?”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாரே என்ற ஆத்திரம். அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு நாற்பது தரம் பேசுகிறது, முதலில் உங்கள் பையனை இருபது தரம் பேசவையுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் பையனின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து போனார். அவரைத் திரும்ப எப்படிப் பார்ப்பது என்று அன்றிரவு முழுக்க எனக்கு உறுத்தல். ஆனால் அந்தக் கேள்வி உறுத்தவில்லை. அதுதான் என்னைப் பற்றி நான் சொல்லக்கூடிய மோசமான விஷயம்.

சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கருவேலங்காட்டைத் தவிர வேறு பச்சை இல்லை. மழைக்கான வாக்குக் கேட்டு அந்தக் கடைக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வர ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சித்திரையில் கடைசியாக நான் போன அன்று பலகை மேல் குங்குமமும் மஞ்சளும் படிந்து கீழ் வரிசைப் படங்கள் மறைந்துவிட்டிருந்தன. தண்ணீர், தூக்கம், கக்கூஸ் எல்லாம் குங்குமத்துக்கு அடியில் போய்விட்டன. மேல் வரிசை மட்டும் தெரிந்தது. ஈரத்துணியால் துடைக்கப் போனேன். வரிசையில் நின்ற ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. அப்பா வந்து மெல்ல, “விடுங்க டீச்சர், நான் பொறவு தொடைச்சுருதேன்” என்றார். பிள்ளை என்னைப் பார்த்தது. என்னைப் பார்த்தால் எப்போதும் காலை உதறிச் சிரிக்கும். அன்று உதறவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிந்தது. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான், புதுப்பித்துக் கையெழுத்தாகிக் கைக்கு வர ஏழெட்டு வாரம் ஆகும். அதுவரை வீடுகளுக்குப் போகக்கூடாது, போனால் ஏன் போனாய் என்று கேட்பார்கள். ஒரு தரம் தாய்க்குப் போன் பண்ணினேன். பின்னால் ஒரே இரைச்சல். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நல்லா இருக்கா டீச்சர். இப்பக்கூடக் கேட்டேன், நல்லா இருக்கேன்னுதான் காட்டுனா” என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். தெருமுனையிலேயே ஸ்கூட்டரை நிறுத்த வேண்டியதாயிற்று, அவ்வளவு வண்டி. கடையில் சாமான் அலமாரிகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். சாம்பிராணிப் புகை. மேடை மேல் நாற்காலி, நாற்காலியில் பிள்ளை. சறுக்கி விழாமல் இருக்க ஒரு சிவப்புத் துண்டால் இடுப்போடு கட்டியிருந்தார்கள். பட்டுப் பாவாடை. கழுத்து நிறைய மாலை. உடம்பு முழுவதும் இடதுபக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் போகப் போகப் புகைக்கும் சந்தனத்துக்கும் அடியில் இன்னொரு வாடை வந்தது. இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் அந்த வாடை தெரியும்.

துண்டை அவிழ்த்தேன். “டீச்சர், இன்னும் நாலு பேர்தான்” என்றார் அப்பா. வரிசையில் யாரோ, வாக்குச் சொல்லும்போது தொடக்கூடாது என்றார்கள். நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை, ஏதோ தகாத வார்த்தை என்று பிறகு சொன்னார்கள். பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். என் கை சுட்டது, அப்படிக் காய்ச்சல். பட்டுப் பாவாடையின் பின்பக்கம் நனைந்து மரத்தோடு ஒட்டியிருந்தது. பிரித்து எடுத்தபோது பிள்ளையின் உடம்பு ஒரு தரம் துடித்தது. சத்தம் வரவில்லை.

உட்காருகிற எலும்புக்கு மேல், ஒரே இடத்தில் மணிக்கணக்காக அழுந்தியதால் வந்த ஒரு புண். என் உள்ளங்கை அளவு. நடுவில் ஆழம்.

தாய் பார்க்காமல் இல்லை. தினமும் குளிப்பாட்டுகிறவள் அவள்தானே. முதலில் சிவந்திருந்தபோது வேனல்கட்டி என்று நினைத்திருக்கிறாள். மஞ்சளும் நல்லெண்ணெயும் போட்டிருக்கிறாள். தோல் பிரிந்தபோது பயந்து, பலகையை மடியில் வைத்து, வலிக்குதா தாயி என்று தினமும் கேட்டிருக்கிறாள். சிரிக்கிற முகம். மறுநாளும் சிரிக்கிற முகம்.

“நீங்கதான டீச்சர் சொன்னீக?” என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே விளங்காமல் கேட்டாள். “அவ எதைக் காட்டுனாலும் நம்பணும், திருப்பிக் கேக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?”

ஆமாம் என்றேன்.

பக்கத்து வீட்டுக் கார் ஒன்று கிடைத்தது. பிள்ளையைக் குப்புறத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் போனேன். கூட்டம் விலகியது, ஆனால் முழுதாக விலகவில்லை. கார்க் கதவருகே ஒரு பெண் குறுக்கே வந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். ஐம்பது வயது இருக்கும். பார்த்தால் நல்ல மனுஷி, கண்ணெல்லாம் அழுத கண். “தாயி, ஒரே ஒரு வார்த்தை. எம்மகன் பொழைப்பானா? ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ தாயி” என்றாள்.

பலகை கடைக்குள் கிடந்தது. என் தோளில் கிடந்த பிள்ளை தலையைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. கையை மட்டும் மெல்ல உயர்த்தி, ஆள்காட்டி விரலை நீட்டி, ஒன்றுமில்லாத வெறும் காற்றில், மேல் வரிசை எங்கே இருக்குமோ அந்த இடத்தைத் தேடியது. தேடிக் கண்டுபிடித்து ஒரு தரம் தொட்டது. அந்தப் பெண் கும்பிட்டுவிட்டு விலகி நின்றாள்.

இந்தத் தொழிலில் எனக்கு எத்தனையோ நினைவுகள். பாதி மறந்துபோகும், போகட்டும். இந்த ஒன்று போகாது.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும், இரத்தம் முழுக்க விஷம் பரவியிருக்கும் என்றார்கள். இப்போதும் பிழைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அப்பா வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரோ ஊரிலிருந்து போன் பண்ணிப் பிள்ளை எப்போது திரும்பும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார். கடையை இனி சாமான் கடையாக மட்டும் திறப்பேன் என்று யாரும் கேட்காமலே என்னிடம் சொன்னார். நான் நம்பினேன். இதை நம்புவதில் எனக்குக் கஷ்டம் இல்லை.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான் புதுப் பலகை ஒன்று செய்து எடுத்துப்போனேன். இந்த முறை மேல் வரிசையில் முதலில் ‘வலி’, அடுத்து ‘வேண்டாம்’, அதற்குப் பிறகுதான் சிரிக்கிற முகம். கண் மூடியிருந்தாலும் தடவித் தெரியும்படி மேடாகச் செய்த பெரிய படங்கள். தாயிடம் காட்டினேன். அவள் தன் விரலால் ‘வலி’யைத் தொட்டு, பிள்ளையின் புண் பக்கம் காட்டி, மறுபடி ‘வலி’யைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை கவனமாகப் பார்த்தது. தொடவில்லை.

மறுநாள் காலை புண்ணைச் சுத்தம் செய்யும் நேரம். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள், தலை தாயின் பக்கம் திரும்பி இருந்தது. நர்ஸ் பழைய துணியை எடுத்தபோதே பிள்ளையின் முகம் வெளுத்துக் கண்ணீர் மூக்கின் மேல் வழிந்தது. சின்ன வயது டாக்டர் ஒருவர், நல்ல மனிதர், குனிந்து அன்பாகத்தான் கேட்டார். “பாப்பா, ரொம்ப வலிக்குதா? சொல்லு, ஊசி போட்டுட்டுச் செய்யலாம்.”

நான் பலகையை அதன் கைக்கு எட்டுகிற மாதிரி பிடித்தேன். விரல் மெல்ல எழுந்தது. ‘வலி’யின் மேல் வந்தது. நின்றது. பிறகு பிள்ளை கண்ணை உயர்த்தி, தன்மேல் குனிந்திருந்த எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. விரல் நகர்ந்தது. ‘வேண்டாம்’ படத்தையும் தாண்டிப் போய்ச் சிரிக்கிற முகத்தைத் தொட்டது.

“பரவாயில்லையே, நல்லா இருக்கேங்குதே” என்று டாக்டர் நிமிர்ந்து, நர்ஸிடம் தொடரச் சொன்னார்.

“நம்பாதீக சார்.” தாய்தான். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “அவ அப்படித்தான் சொல்லுவா. செத்தாலும் அப்படித்தான் சொல்லுவா. நாங்க பழக்கி வச்சிருக்கோம். அவளுக்கு வலிக்குது சார். ஊசி போடுங்க.”

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஊசிக்குச் சொன்னார். நர்ஸ் போனாள்.

தாய் என் கையிலிருந்து பலகையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்தாள். தரையில் மண்டியிட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தாள். “தாயி, இங்க பாரு. இனி யாரு என்ன கேட்டாலும் நீ பதில் சொல்ல வேணாம். டாக்டர் கேட்டாலும் வேணாம், டீச்சர் கேட்டாலும் வேணாம். நாங் கேட்டாலும் சொல்ல வேணாம்டா. அழுகை வந்தா அழு” என்றாள்.

பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஏதோ கேள்வி வரப்போகிறது என்று காத்திருக்கிற பார்வை. ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதன் வாய் கோணியது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அந்த வீட்டுக்கு இரண்டு வருடம் போய் வந்தும் நான் கேட்டிராத சத்தம். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பிள்ளையைப் பதில் சொல்ல வைக்கத்தான் அத்தனை முறையும் அந்த வாசலில் போய் நின்றிருக்கிறேன். பலகையை எடுத்து மடியில் வையுங்கள் என்று அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.